பொய்ப் போட்டியில் முதல் பரிசு

ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் டெஸ் கில்ராய் ஒற்றை ஆளாக ஹெஸ்லிப் சகோதரர்கள் மூன்று பேரையும் இரும்புக் கம்பியால் அடித்துச் சாய்த்தான்.

மூத்தவனின் பற்கள் கடலைத் தாண்டிப் பறந்து, எதிர்த்தீவில் மேய்ந்த ஆடுகள்மேல் ஆலங்கட்டி மழையாக விழுந்தன. இரண்டாமவனின் கால் முறிந்த சத்தத்தில் துறைமுகத்துப் படகுகள் எல்லாம் பயந்துபோய்ச் சங்கு ஊதின. இளையவனின் முழங்கைக்கு எந்தப் பக்கம் மடங்குவது என்றே மறந்துபோனது.

இதெல்லாம் டெஸ்ஸே சொன்னது.

சொன்ன இடம் பிளஃப் துறைமுகத்தில் நோலீனின் மதுக்கடை. சிப்பி சீசன் முடிகிற வாரம் அங்கே வருஷம் தவறாமல் பொய்ப் போட்டி நடக்கும். சொல்வதில் கடுகளவு உண்மை இருந்தாலும் பரிசு கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக நோலீன்தான் நடுவர்.

முதல் பரிசு, முழு ஆட்டுத்தொடை, டெஸ்ஸுக்குக் கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், ஹெஸ்லிப் சகோதரர்கள் நிஜமாகவே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பத்து நாள் முன்பு, அதே மதுக்கடையின் பின்முற்றத்தில், குளிர்கால மாலை இருட்டில் யாரோ அடித்து நொறுக்கியிருந்தார்கள். இளையவனுக்கு ஒரு கண்ணே போய்விட்டது. அடித்தது யாரென்று மூவருக்குமே தெரியவில்லை.

ஆட்டுத்தொடை வேகுமுன் போலீஸ் வந்துவிட்டது.

பொய்ப் போட்டியில் சொன்னதை ஜூரி நம்பியது. பழைய அடிதடி வழக்குகள் இரண்டு இருந்ததால், நீதிபதி காலவரையற்ற சிறை என்றார். இவனால் இனி ஆபத்தில்லை என்று பரோல் வாரியம் நம்பினால் வெளியே வரலாம். நம்பாவிட்டால் சவப்பெட்டியில் வரலாம்.

தலைநகர் வெலிங்டனில் மேல்முறையீடு. மூன்று நீதிபதிகள். டெஸ் தரப்பில் ஒரே சாட்சி, நோலீன்.

"ஐயா, இவன் போன வருஷம் சுறாவை மண்டையால முட்டியே கொன்னானாம். அதுக்கு முந்தின வருஷம் திமிங்கிலத்துக்குப் பிரசவம் பார்த்தானாம். ஊரே பேசுன அடிதடியைத் தூக்கித் தன் பேர்ல போட்டுக்கிட்டான், அவ்வளவுதான். இவனாவது, மூணு பேரை அடிக்கிறதாவது!"

நடுவில் இருந்த நீதிபதி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சம்பவ நேரத்தில் எங்கே இருந்தாய் என்று அரசு வக்கீல் கேட்டார். சமையற்கட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாளாம். எண்ணெய் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

கூண்டுக்குள் டெஸ்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. தப்பிக்க இதுதான் ஒரே வழி. ஆனாலும் இப்படியா ஒருத்தி நம்பாமல் இருப்பாள்?

குற்றத் தீர்ப்பு ரத்தானது. அதோடு தண்டனையும் போயிற்று.

வாசலில் வெலிங்டன் காற்று ஆளையே தூக்கியது. டெஸ் நோலீனின் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மொதலாளியம்மா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். மூத்தவன் பல்லு என் கம்பியில பட்டுத் தெறிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் கண்ணு முழிச்சுப் பார்த்தா மூணு பேரும் தரையில கெடக்கிறானுங்க, ரத்தம் முற்றமெல்லாம் ஓடுது. எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன். நெசமாவே ஒத்த ஆளா அடிச்சேனா? நீயே சொல்லு, இது நடக்கிற காரியமா?"

நோலீன் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டாள்.

"மூத்தவன் வரைக்கும் நடந்துச்சுடா. அவன் சாயுறதுக்குள்ள திருப்பி விட்ட ஒரே குத்துல நீயும் மல்லாந்துட்ட. என் தம்பி கையைப் படகுல வெச்சு நசுக்கினானுங்களே, அந்த மத்த ரெண்டு பேரும் முற்றத்துக் கேட்டுப் பக்கம்தான் ஓடினானுங்க."

காற்றில் பறந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டாள்.

"கேட்டைப் பூட்டிட்டு, உன் கம்பியோட நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."