பம்பில் ஒரு ‘டிக்’

டிக்.

டயர் அடுக்குக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் தேனாக இனித்தது.

இடதுபக்க மரப் பலகைக்குப் பின்னால் இருக்கிறார் மாமா, என் அக்காவின் கணவர். என் கணக்குப்படி மைதானத்தில் மிச்சம் இருப்பது நாங்கள் இருவர்தான்.

எங்கள் குடும்பத்துப் பெயின்ட்பால் ஆட்டத்தில் விதி ஒன்றே ஒன்று. கடைசிவரை சாயம் படாமல் நிற்பவரை மற்ற எல்லோரும் ஒரு வருடம் முழுக்க ‘தலைவரே’ என்று கூப்பிட வேண்டும். எட்டு வருடமாக நான் மாமாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், கல்யாண வீடுகளில், ஒருமுறை பல் டாக்டர் முன்னால்கூட. கூப்பிட்டதும் மனிதர் உடனே திரும்ப மாட்டார். ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் திரும்புவார். அந்த ஒரு நொடிதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இந்த வருடம் என் கையில் இருப்பது வாடகைக்குக் கிடைக்கும் ஓட்டைத் துப்பாக்கி அல்ல. அக்கா செய்து கொடுத்தது.

அக்காவுக்கு லேத் பட்டறை. பம்ப் துப்பாக்கி செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை ஒருமுறை பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். சடசடவென்று சுட்டுத்தள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு இழுப்பும் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்பாள்.

என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நாடா வைத்து அளந்தாள். களிமண் உருண்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த பள்ளங்களைப் பார்த்து மரத்தில் பிடி செதுக்கினாள். குழலுக்குள் ஒரு சாயக் குண்டைப் போட்டு ஊதிப் பார்த்தாள். ஊதாமலே உருண்டு விழுந்தால் குழல் பெரிது, ஊதியும் நகராவிட்டால் சிறிது. லேசாக ஊதியதும் வந்து உள்ளங்கையில் விழ வேண்டும். அதற்காக மூன்று குழல்களைக் கடைந்து ஓரம்கட்டினாள்.

எட்டு மாதம் ஆனது. நச்சரித்தபோதெல்லாம், நல்ல வேலை இழுக்கத்தான் செய்யும் என்றாள். ஒருநாள் மேசைமேல் ஒரே மரத்தில் செய்த இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றாள். என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்தே போனேன்.

துப்பாக்கி கைக்கு வந்த அன்று இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. முடியும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு டிக்.

“அது உன் கைக்குடா. குண்டு உள்ள உக்காந்துடுச்சுன்னு கைக்குத் தெரியணும்ல,” என்றாள் அக்கா.

மாமாவுக்கும் போன மாதம் கல்யாண நாளுக்கு ஒன்று செய்து கொடுத்திருக்கிறாள். அதிலும் அதே டிக் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இன்றைக்கு அதுதான் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அக்காவும் ஆடுவாள். ஆனால் வருடா வருடம் முதல் ஐந்து நிமிடத்திலேயே சாயத்தோடு வெளியேறிவிடுவாள். இன்று விசில் ஊதியதிலிருந்தே ஆளைக் காணோம். இந்நேரம் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பம்பை இழுத்தேன்.

டிக்.

பலகைக்கு அந்தப் பக்கம் காலடி நின்றது. மாமாவுக்கும் கேட்டுவிட்டது. எங்கிருந்து என்று பார்க்கத் தலையை நீட்டினார், தோளும் கூடவே வந்தது.

சுட்டேன். அவர் தோளில் மஞ்சள் சாயம் வழிந்தது.

எழுந்து குதித்தேன். முகமூடிக்குள் நான் சிரித்த சிரிப்பில் என் காதே அடைத்துப்போனது. எட்டு வருடப் பாரம் ஒரே குண்டில் இறங்கியதில் எனக்கு அழுகைகூட வரப் பார்த்தது.

மாமா துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கியபடி வந்தார். “சரி மச்சான், ஒத்துக்கறேன்,” என்றார். அடுத்த வார்த்தைக்காக நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

முதுகில் பொத்தென்று ஒன்று விழுந்தது.

திரும்பினேன். முப்பதடி தள்ளி அக்கா நின்றிருந்தாள். சட்டையில் ஒரு துளி சாயம் இல்லை. கையில் ஒரு புதுத் துப்பாக்கி. அதில் அந்த இரண்டாவது கைப்பிடி.

மாமா போய் அதை வாங்கினார். குண்டுகளைக் கொட்டிவிட்டு, குழல் வாயில் உறையை மாட்டி, காதருகே வைத்து பம்பை இழுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

இழுத்தேன். நம்பாமல் இன்னொரு முறை இழுத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

அக்கா அதற்குள் முகமூடியைக் கழற்றிவிட்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

“தலைவரே,” என்றோம் மாமாவும் நானும்.

அவள் ஒரு நொடி நிறுத்திவிட்டுத்தான் திரும்பினாள்.