கனமான ஜோடி

அன்று ஷூ நாடாவை இறுக்கும்போது ரெக்ஸ்லின் சிரித்தாளா என்று கேட்டால் சுகிர்தாவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. சிரித்ததாகத்தான் பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தாள். மாரத்தான் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. முதலில் வருபவளுக்கு ரயில்வேயில் வேலை. ஷூ வாங்கப் போன கடையில் விற்பனைக்கு நின்றவள் ரெக்ஸ்லின். முன்பொரு பந்தயத்தின் திருப்பத்தில் சுகிர்தா முழங்கையால் இடித்துத் தள்ளியதில் முட்டி போனவள்.

"பழச கழட்டு," என்றாள் ரெக்ஸ்லின். வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் உள்விளிம்பு மட்டும் வழித்தெடுத்ததுபோல் தேய்ந்திருந்தது.

"உன் பாதம் உள்ள சாயுதுடி. இதப் போடு. கொஞ்சம் கனம்தான், ஆனா தாங்கும்."

"நான் ஓடப் போறேன், மூட்ட தூக்க இல்ல. அந்த லேசானத எடு."

"அதப் போட்டா முப்பது கிலோமீட்டர்ல காலு போயிரும்."

"நான் ஜெயிக்கக் கூடாதுன்னு உனக்கு அவ்வளவு ஆசையா?"

ரெக்ஸ்லின் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு லேசானதை எடுத்து வந்து, குனிய முடியாமல் குனிந்து, அவள் காலில் மாட்டி, நாடாவை இறுக்கினாள். வலித்தது. சுகிர்தா அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வில் முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் சுகிர்தா சாலையோரம் உட்கார்ந்தாள். அதன்பின் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. வேலை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. ரெக்ஸ்லின் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை இருக்கிறது.