ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?

"வெள்ளிக்கிழமை விருதை வாங்கிட்டு, சனிக்கிழமை எழுதியிருக்கக் கூடாதா மேடம்?"

துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். சாத்தியும் அந்தக் குரல் வராந்தா வரை போயிருக்கும்.

எதிரே இரும்பு மேடம் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். வேதியியல் துறையில் அதுதான் அவர் பெயர். வேதிவினைகளைத் தூண்டிவிட விலை உயர்ந்த பல்லேடியம் என்ற உலோகம் செய்கிற வேலையைச் சாதாரண இரும்பை வைத்தே செய்யலாம் என்று கட்டுரை எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். வெள்ளிக்கிழமை விருதும் அதற்குத்தான். நேற்று சாயங்காலம் அதே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதிவிட்டு, தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்.

"தப்புன்னு யாராவது புகார் குடுத்தாங்களா?"

"இல்லை சார். நானேதான் சொல்றேன்."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பானேன்?"

"அந்த வினையில இரும்பு ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலை சார். குடுவைக்குள்ள சுத்திக் கலக்குற காந்தக் குச்சி இருக்கே, அது பழசு. முன்னாடி செஞ்ச ஏதோ ஒரு வேலையோட பல்லேடியம் அதோட கீறல்ல ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. உழைச்சது அது. பேர் வாங்கினது இரும்பு."

"எப்படிச் சொல்றீங்க?"

"புதுக் குச்சியைப் போட்டேன். ஒண்ணும் நடக்கலை. பழைய குச்சியைப் போட்டு, இரும்பே சேர்க்காம விட்டேன். ஜோரா நடக்குது."

தலைவர் மேஜை மேல் கிடந்த விழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தார். இந்த விருதைக் காட்டித்தான் துறைக்குப் புது ஆய்வகம் கேட்டிருந்தார். அழைப்பிதழில் அவர் படமும் இருந்தது. மேடம் படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.

தட்டாமல் கதவு திறந்தது. செம்பு சார். தாமிரத்தில் ஆராய்ச்சி செய்பவர். இரும்புக்கும் செம்புக்கும் பல வருஷமாக ஆகாது.

"கேள்விப்பட்டேன்! இரும்பு துருப்பிடிச்சிடுச்சாமே?"

"ஆமா சார். செம்புலயும் களிம்பேறும், ஜாக்கிரதை."

செம்பு சார் சிரித்து மழுப்பினார். "ரெண்டு மணிக்கு என் மாணவி விஷயம் இருக்கு சார், இன்னிக்கு முடிச்சிடணும்" என்று தலைவருக்கு நினைவுபடுத்தினார். வேலை முடிந்தது, போகலாம். போகவில்லை. வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தலைவர் குரலில் தேனைத் தடவினார். "மேடம், என் கூடப்பொறந்த தங்கச்சிக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். பத்திரிகைக்கு ஒரு ஃபோன் போட்டு, கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க."

"தங்கச்சிக்கும் இதைத்தான் சொல்லிக் குடுப்பீங்களா அண்ணே?"

செம்பு சார் இருமலில் சிரிப்பை மறைத்தார். "நேர்மையைக் காட்டவும் ஒரு நேரங்காலம் வேணும் மேடம். வீட்டுல என்ன சொல்றாங்க?"

"விழாவுக்குப் போட மாமியார் புதுத் துணி எடுத்து வெச்சிருந்தாங்க. நேத்திலேருந்து என்கூடப் பேசறதில்லை. வீடு எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா!"

தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் விழா என்று சொல்லியாகிவிட்டது, இந்த அம்மாவுக்குச் சிரிப்பு வேறு!

"பதவி உயர்வு போயிடும். மோசடின்னு எழுதுவாங்க. அடுத்த வருஷம் உங்ககிட்ட ஆராய்ச்சிக்குச் சேர ஒருத்தரும் வரமாட்டாங்க. தெரியுதா?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

மேடத்தின் வலது கை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவதைத் தலைவர் அப்போதுதான் கவனித்தார். மேடம் அதை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பார்வை மட்டும் இறங்கவில்லை.

பயம் இருக்கிறது, அப்படியானால் வழிக்கு வருவார். தலைவர் மேஜை மேல் சாய்ந்தார்.

"நான் மறைக்கச் சொல்லலையே. தள்ளிப் போடத்தானே சொல்றேன்? ரெண்டே நாள். அதுக்குள்ள யார் குடி முழுகிடப் போகுது?"

மேடம் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"சார், ரெண்டு மணிக்கு உங்க மாணவியை எதுக்கு வெளியே அனுப்புறீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! கையே சரியில்லை. ஏற்கெனவே நடந்த ஒரு வினையை அப்படியே செஞ்சு காட்டு, அதுக்கு மேல செம்பை வெச்சு ஒரு படி ஏறலாம்னேன். ஒரு வருஷமா நடக்கலை, நடக்கலைன்னு ஒரே பாட்டு. உலகமே ஒத்துக்கிட்ட வினை! செய்யாமலே பொய் சொல்றான்னுதான் நான்…"

செம்பு சார் பாதியில் நிறுத்திவிட்டு மேடத்தைப் பார்த்தார்.

"எந்த வினை?" என்றார் தலைவர். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது.

"என் இரும்பு வினைதான். போன வருஷம் புதுசாச் சேர்ந்த பொண்ணு. அவகிட்ட இருந்தது எல்லாம் புதுக் குச்சி," என்றார் மேடம். "போன வாரம் என் ஆய்வகத்துக்கு வந்து, என் கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டினா. அழுதுக்கிட்டே."

 மேடம் எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார்.

"நடக்கலைன்னு ஒரு வருஷமா உண்மையைச் சொன்னவ அவ ஒருத்திதான் சார். அவளைப் பொய்க்காரின்னு இன்னிக்கு வெளியே அனுப்பிட்டு, வெள்ளிக்கிழமை எனக்குக் கை தட்டலாம்னு இருந்தீங்களா?"