வராத வலிப்பு

"இன்னைக்கும் வராது பாரு!" மணிக்கட்டில் சிவப்பாக மின்னிய பட்டையைத் தட்டிச் சிரித்தான் அவன். ஐந்து மணிக்குள் வலிப்பு வரும் என்று அது எச்சரித்திருந்தது.

புள்ளிவிவரம் அவன் பிழைப்பு. வலிப்பை முன்கூட்டியே சொல்லும் இந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் பலிக்கிறது என்று அளப்பதுதான் ஆபீஸில் அவன் வேலை. அந்த வியாதி தனக்கும் இருந்ததால், தன் கையே தனக்குதவி என்று பட்டையைத் தானே கட்டிக்கொண்டான்.

இதுவரை எச்சரிக்கை வந்தபோதெல்லாம் ஆபீஸ் அறையில் தனியாக இருந்தான். ஒவ்வொன்றுக்கும் 'வரவில்லை' என்று பதிந்தான். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட அவன் கீழே விழுந்ததில்லையே!

இன்றுதான் முதன்முறையாக வீட்டில், மனைவியின் கண்ணெதிரே.

"இதுவும் பொய்னா மெஷின் பெயில், நான் பாஸ். சோதனை முடியறவரைக்கும் வலிப்பு வரலைன்னா கார் ஓட்டலாம்னு டாக்டரே சொல்லிட்டார். நாளைக்கு பாப்பாவை நான்தான் ஸ்கூல்ல விடுவேன்."

"பாப்பா பின்சீட்ல இருப்பாளேங்க. ஓட்டறப்ப வந்துட்டா?"

"நீ என் கட்சியா, மெஷின் கட்சியா?"

அவள் ஆவி பறக்கும் டீயை அவன் முன்னால் வைத்தாள். கார் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு வாசலருகே போய் நின்றாள்.

வாய்தான் சவடால் அடித்ததே தவிர, அவன் கண் கடிகாரத்திலேயே இருந்தது. ஐந்துக்கு இன்னும் பத்து நிமிடம்; முள் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"சே! ஆறின டீயையா குடுப்பே?" உதட்டில் ஒட்டிய பாலாடையைத் துடைத்தபடி நிமிர்ந்தான். மனைவி பக்கத்தில் நின்று அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது.

"ஜெயிச்சுட்டேன்!" துள்ளி எழுந்து கையை நீட்டினான். "சாவியைக் குடு."

அவள் கொடுக்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"சட்டைப் பொத்தானையே திருகிட்டு இருந்தீங்க. தோளைப் பிடிச்சு உலுக்கினேன், கத்திக் கூப்பிட்டேன். என்னைத் தெரிஞ்ச மாதிரியே பார்க்கல."

"எப்போ?"

"இப்பதான்... கீழே விழாமலே வலிப்பு வந்துட்டுப் போயிடுச்சுங்க."