இருபது அடிக்குள்

கன்னையாவின் கையில் ஒட்டியிருந்த சர்க்கரை சென்சாரைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அதோடுதான் எரித்தார்கள். திருப்பதியில் அதை வாங்கி, அவருடைய போனோடு ப்ளூடூத்தில் இணைத்துக் கொடுத்தவள் மகள் ஹரிதா. இருபது அடி தாண்டினால் தொடர்பு அறுந்துவிடும். எரித்த அன்றிலிருந்து போன், 'சென்சார் அருகில் இல்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் பகலில் நகரி வீட்டில் விசைத்தறியை நிறுத்திவிட்டுப் படையல் போட்டார்கள். ஆறு வருடமாக அவருக்கு மறுத்து வந்த பாயசத்தை, கங்கம்மாள் புருஷனின் இலையோரம் கிண்ணம் நிறைய வைத்தாள். வழக்கப்படி அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கூடத்தில் காத்திருந்தார்கள்.

ஹரிதாவின் கையிலிருந்த அவர் போன் அதிர்ந்தது. சென்சார் இணைந்திருந்தது. சர்க்கரை 54. வெறும் வயிற்றில்கூட அவருக்கு அவ்வளவு இறங்கியதில்லை.

ஐந்து நிமிடத்தில் 131 ஆனது. பிறகு 218.

"அம்மா, நைனாவுக்கு ஏறிக்கினே போவுது" என்றபடி அவள் கதவைத் திறக்கப் போனாள்.

கங்கம்மாள் போனைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு. துன்னு முடிக்கட்டும்."