முதலில் வாங்கிய கை

பிரசவ அறை வாசலில் அன்று இருந்தவர்கள் நால்வர்: பெரியப்பா, அண்ணன், அண்ணி, மாப்பிள்ளை. உள்ளே இருந்தவள் அண்ணனின் தங்கை, மாப்பிள்ளையின் மனைவி.

பதினோரு வருடமாகப் பிள்ளையில்லாத அண்ணி கதவோடு ஒட்டி நின்றாள். மாப்பிள்ளை பெஞ்சை விட்டு அசையவில்லை.

“அவருக்கு இதுல ஆரம்பத்துலேருந்தே இஷ்டமில்லை பெரியப்பா. மூணு மாசம் தங்கச்சிகிட்ட முகம் கொடுத்தே பேசலை” என்றான் அண்ணன் மெதுவாக.

“பேசாட்டி என்னடா? அவர் நம்ம வீட்டு மாப்பிள்ளை.”

கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“பொண்ணு. பிடிங்க சார்.”

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என் பொண்டாட்டி எப்படி இருக்கா?”

“நல்லா இருக்காங்க. முதல்ல பிள்ளையை வாங்குங்க!”

“அம்மா கைதான் முதல்ல படணும். அது அவ போட்ட கண்டிஷன்.” அண்ணி பக்கம் திரும்பினார். “வாங்கிக்கங்க அக்கா, உங்க பொண்ணு. பத்து மாசம் எங்க வீட்டு விருந்தாளி. உதை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.”

அண்ணி இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தங்கை தன் குழந்தையைத் தானம் கொடுத்துவிட்டதாக உறவில் சிலர் பேசுகிறார்கள். அது பொய். கரு அண்ணன், அண்ணியுடையது. தங்கை சுமந்து பெற்று, உரியவர்களிடம் ஒப்படைத்தாள்.