புல்வெட்டிக்கு ஒரு குடை

மழை வந்தேவிட்டது.

மெஷின் இன்னும் ஆறவில்லை.

அவன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். எது அதிகமாக இருண்டு கிடக்கிறது என்று சொல்வது கஷ்டம்.

உள்ளே சுகந்தி வடைக்கு எண்ணெய் காயவைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூசை நேற்று. நேற்றே புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

தப்பு அவன்மேல்தான். முழுக்க முழுக்க அவன்மேல்தான்.

நேற்று மதியம் ஒரு டாக்டர் வீட்டுப் புல்வெளியை வெட்டிவிட்டு வேகமாக வந்தான். தெருவில் நின்ற லாரிக்கும் ஆட்டோவுக்கும் மாலை ஏறியிருந்தது. சோறு போடுகிற மெஷின், அது மட்டும் சும்மா நிற்பதா? சூட்டோடு சூடாக வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். லைன் வீடு. இருப்பதே ஓர் அறை. ஒரு பக்கம் அடுப்பும் சிலிண்டரும், மறுபக்கம் கட்டில், நடுவில் மெஷின்.

விபூதிப் பட்டை போட்டான். பொட்டு வைத்தான். அதோடு விட்டானா? மாமனார் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த பட்டுத் துண்டை எடுத்துப் பரிவட்டமும் கட்டிவிட்டான்.

எஞ்சின் மேலேயே.

இடுக்கில் சிக்கியிருந்த காய்ந்த புல் முதலில் புகைந்தது. ஊதுபத்தி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

சுகந்திதான் பார்த்தாள். துண்டை உருவி வாசலில் எறிந்தாள். மெஷினையும் இழுத்து வெளியே தள்ளினாள். திரும்பி வந்து குனிந்தபோதுதான் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்ரோல் கேன் அவள் கண்ணில் பட்டது.

அதை அங்கே வைத்திருப்பதாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கட்டிலில்தான் அவள் தினமும் தூங்குகிறாள்.

கேனையும் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அவனுக்கு உயிர் வந்திருக்கும்.



இன்று விஜயதசமி. எதையும் புதிதாகத் தொடங்குகிற நாள். அவனும் தொடங்கினான்.

வேலை முடிந்து வந்ததும் மெஷினை வாசல் நடுவில், வெறும் மண்ணில் நிறுத்தினான். பக்கத்தில் சுவரும் இல்லை, கொடித் துணியும் இல்லை. பெட்ரோல் குழாயை மூடினான். விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக்கொண்டு சைலன்சரைச் சுற்றியிருந்த புல்லையெல்லாம் நோண்டி எடுத்தான். கேனை வைக்க வெளியே, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், நிழலில் ஒரு தகரப் பெட்டி. அதற்குப் பூட்டும் போட்டான்.

எல்லாவற்றையும் கொஞ்சம் சத்தமாகவே செய்தான். அவள் காதில் விழ வேண்டுமே.

அப்போதுதான் இந்தப் பாழாய்ப்போன மழை.

உள்ளே கொண்டுபோனால் அடுப்பு எரிகிறது. வெளியே விட்டால் நனையும். தார்ப்பாயை மேலே போடலாமா என்ற நினைப்பு வந்த வேகத்தில் போய்விட்டது. துணி போர்த்திய அழகைத்தான் நேற்றே பார்த்தாயிற்றே.

ஆணியில் சுகந்தியின் குடை தொங்கியது. ரோஸ் கலர். ஓரமெல்லாம் பூப்போட்டது.

அதை விரித்து மெஷினுக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் தொப்பலாக நனைந்தான். மெஷின் சொகுசாக நின்றது.

எதிர்வீட்டு மாரக்கா ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

“ஏந்தம்பி, மெஷினுக்குச் சளி புடிச்சுக்குமா?”

“நனைஞ்சா நாளைக்குக் கிளம்பாதுங்க்கா.”

“அப்ப உள்ள தள்ளீட்டுப் போறது?”

“சூடு ஆறட்டுங்க்கா!”

ஜன்னலுக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. அது கதவுக்குச் சொன்னது.

மாரக்கா சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். மழை விடுவதாக இல்லை. கை வலித்தது. மற்றக் கைக்குக் குடையை மாற்றினான். உள்ளே வடை வேகிற சத்தம் கேட்டது. வாசனையும் வந்தது. அவனைத்தான் யாரும் கூப்பிடவில்லை.

பிறகு எண்ணெய்ச் சத்தம் நின்றது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

சுகந்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து குடைக்குள் நுழைந்தாள். அவனைப் பார்க்கவில்லை. மெஷினைத்தான் பார்த்தாள். சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி ஒரு சுற்றுப் பார்வை. குனிந்து அடியிலும் பார்த்தாள்.

“அங்கொரு புல்லு ஒட்டீட்டிருக்குது பாருங்க.”

நேற்றிலிருந்து முதல் பேச்சு. சந்தோஷத்தில் அவனுக்குக் குச்சி எங்கே என்றே தெரியவில்லை, விரலாலேயே எடுத்தான்.

எடுக்கும்போது கை எஞ்சினில் பட்டது.

சுடவில்லை.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அம்மிக்கல் மாதிரிச் சில்லென்று கிடந்தது. இனி தாராளமாக உள்ளே தள்ளலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

அதற்குள் சுகந்தியும் பக்கத்தில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“இன்னுஞ் சூடு இருக்குதுங்க,” என்றாள். “கொஞ்ச நேரம் நிக்கலாம்.”

அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான்.

“ஆமா புள்ள,” என்றான். “ரொம்பச் சூடு.”